எதுக்குப் பெம்பர் கேட்காமல் விட்டது

ஜேடாக் பெம்பரின் அரசியல் வாழ்க்கை பன்றிகளோடு தொடங்கியது. அவரே இதை ஒருநாளும் மறைத்ததில்லை; நாம் எதற்கு மறைக்க வேண்டும்?

எங்கள் ஊரான டன்லியில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் புதிதாகக் கல்யாணம் கட்டிக்கொண்டவன் எவனோ, அவனை மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் பன்றிக்காவலனாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ரோட்டில் திரிகிற பன்றியைப் பிடித்து, மூக்கில் வளையம் இல்லாவிட்டால் மாட்டிவிட வேண்டும். புது மாப்பிள்ளை சேற்றில் புரள்வதைப் பார்த்துச் சிரிக்கவென்றே ஏற்பட்ட பதவி. ராஜாவை விரட்டிவிட்டு அமெரிக்கா தனக்குத் தானே சட்டம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது; வெர்மான்ட் மலைகளில் சிரிப்பதற்கு வேறு விஷயம் அதிகம் கிடையாது. மற்ற மாப்பிள்ளைகள் ஒரு ஜாடி ரம் வாங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வார்கள். பெம்பர் மட்டும் எழுந்து நின்று, "எதுக்கு மூக்குல வளையம்?" என்று கேட்டார்.

"நிலத்தைக் கிண்டாம இருக்கத்தான்!" என்று யாரோ கத்தினார்கள்.

"சரி, வேலி நல்லா இருந்தா பன்னி ஏன் ரோட்டுக்கு வருது?"

"வேலி நல்லா இல்லையே!"

"அப்போ வளையத்தை வேலிக்காரன் மூக்குல இல்ல மாட்டணும்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் 'எதுக்குப் பெம்பர்'. அந்த வருஷம் அவர் உண்மையாகவே வீடு வீடாகப் போய் வேலியைப் பார்த்தார். எந்தக் கட்டையை எதற்காக அங்கே நட்டாய் என்று கேட்டே மனுஷனைச் சாகடித்தார். தொல்லை பொறுக்காமல் ஊரே வேலியைச் சரிபண்ணிவிட்டது. பன்றிகள் ரோட்டுக்கு வருவது நின்றது. விளையாட்டுக்குக் கொடுத்த பதவியில் ஒருவன் வேலை செய்து காட்டிவிட்டால் ஊர் என்ன செய்யும்? இன்னும் பெரிய பதவியைத் தலையில் கட்டும். அடுத்த மார்ச்சில் அவரைக் கான்ஸ்டபிள் ஆக்கினார்கள்.

ஆள் நெட்டை. குனிந்த முதுகு, நீட்டிய கழுத்து. எங்கேயாவது இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். வம்புக்கு அலைகிறவர் என்று சொன்னவர்கள் உண்டு. அது அநியாயம். வம்பு பேசுகிறவன் கேட்டதை நாலு இடத்தில் போய்ச் சொல்வான். பெம்பர் கேட்டதோடு சரி. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கான்ஸ்டபிள் வேலையில் அவருக்கு ரொம்பப் பிடித்தது 'புறப்படு' வாசிப்பதுதான். ஊரில் சோற்றுக்கில்லாமல் போனவர்களை ஊர்தான் காப்பாற்ற வேண்டும் என்பது சட்டம். அதனால் புதிதாக எந்தக் குடும்பம் வந்தாலும், வருஷம் திரும்புவதற்குள் கான்ஸ்டபிள் போய் ஒரு தாளை வாசிப்பார்: 'நீயும் உன் குடும்பத்தாரும் இந்த ஊரைவிட்டுப் புறப்படுங்கள்.' யாரும் புறப்பட மாட்டார்கள். புறப்பட வேண்டும் என்று எவரும் நினைப்பதும் இல்லை. ஆனால் வாசித்தாகிவிட்டது, நாளைக்கு அந்தக் குடும்பம் நொடித்துப்போனால் ஊருக்குப் பொறுப்பில்லை. வந்தவர்கள் நிலம் வாங்கி வரி கட்டத் தொடங்கினால் அந்த வாசிப்பு செல்லாக்காசு. பாதிரியாருக்கும் வாசித்தார்கள், வைத்தியருக்கும் வாசித்தார்கள். பெம்பர் வந்தபோது அவருக்கும் வாசித்திருந்தார்கள். அப்பன் பாட்டன் ஊர்களில் பார்த்துப் பழகியவர்கள் ஆனதால் எல்லோரும் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

பெம்பருக்கு அது ஒரு சாக்கு. புது மனுஷர்கள், புதுக் கதைகள். உள்ளே போய் உட்கார்ந்து, எங்கிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், அங்கே மண் எப்படி, மாடு எப்படி என்று குடைந்தெடுத்துவிட்டு, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிப்பார். வாசித்த கையோடு, "கூரைக்குப் பலகை வேணும்னா சொல்லுங்க, வண்டி அனுப்பறேன்" என்பார்.

அவர் மனைவி லொவைசா இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். "வயிறு முட்டத் தின்னுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, 'ஊரை விட்டுப் போ'ன்னு சொல்ற ஒரே மனுஷன் நீங்கதான். மத்தவங்க சொல்லிட்டாவது திம்பாங்க."

"சொல்லிட்டா சோறு போடுவாங்களா?" என்பார் பெம்பர்.

ஏமஸ் ரட்டும் அவன் மனைவி ஹல்டாவும் ஒரு இலையுதிர்காலத்தில் வந்தார்கள். ஒரு மாடு, ஒரு பெட்டி, வேறொன்றும் இல்லை. கிழக்கே கடலோரத்தில், ஊர் என்ற பெயர்கூட இல்லாத மரம்வெட்டிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். ஊர்ப் பொதுநிலத்தில், மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் இருந்த காலிக் குடிசையில் இறங்கினார்கள். பெம்பர் போனார். கடலைப் பார்த்தே இராத மனுஷன், விடுவாரா? அலை எதுக்கு வருது, உப்பு எங்கிருந்து வருது, மீன் தூங்குமா என்று கேட்டுக் கேட்டு ஹல்டாவின் பீன்ஸ் சூப்பைக் காலி செய்தார். வாசித்தார். சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தக் குளிர்காலத்திலேயே ஏமஸ் மரம் வெட்டும்போது அது மேலே சாய்ந்து செத்துப்போனான். ஹல்டா போக்கிடமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டாள்.

பிறகு அவள் எங்கள் ஊருக்கு என்னவெல்லாம் செய்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காய்ச்சல் கண்ட வீட்டில் கண்விழித்தாள். செத்தவர்களைக் குளிப்பாட்டித் துணி சுற்றினாள். பட்டிக்காரர் செத்தபின் அந்த வேலையும் அவள்மேல் விழுந்தது. அடுத்தவன் பயிரில் இறங்குகிற மாட்டையும் ஆட்டையும் ஓட்டிவந்து அடைப்பார்கள். சொந்தக்காரன் வந்து அபராதம் கட்டி மீட்கும்வரை தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டுப் பார்த்துக்கொள்வாள். யார் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது என்று யாருக்கும் ஞாபகமில்லை. குடிசை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஊரெல்லாம் 'ஹல்டா அத்தை' என்றது.

இதற்கிடையில் பெம்பர் மேலே மேலே போனார். ஊரின் மூன்று நிர்வாகிகளில் ஒருவரானார். பின்பு ஒரு செப்டம்பரில் ஊர் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அதற்கப்புறம் வருஷா வருஷம் அவரேதான். அக்டோபர் வந்தால் குதிரையேறித் தலைநகர் மான்ட்பீலியருக்குப் போவார். அங்கே ஒரு விதவையின் வீட்டில், இன்னொரு உறுப்பினரோடு ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு மாநிலத்தை ஆண்டார்.

அவர் சபையில் ஒருநாளும் பேச்சுப் பேசியதில்லை. கேள்விதான். ஓநாய்த் தலை கொண்டுவந்தால் ஊர் பரிசு கொடுக்கும் என்று ஒரு சட்டம் வந்தது. வக்கீல் உறுப்பினர் ஒருவர் முழங்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். பெம்பர் மெல்ல எழுந்தார்.

"பரிசு கொடுத்தப்புறம் அந்தத் தலை யார்கிட்ட இருக்கும்?"

"கொண்டுவந்தவன்கிட்டத்தான். வேற யாருக்கு வேணும் அது?"

"அப்போ அவன் அதை அடுத்த ஊருக்கு எடுத்துட்டுப் போனா?"

சபை கொல்லென்றது. ஒரே ஓநாய் எட்டு ஊரில் செத்துக்கொண்டிருந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. காதை அறுத்துவிட்டுத்தான் தலையைத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். அதிலிருந்து பெம்பர் எழுந்தாலே சட்டம் கொண்டுவந்தவர் தன் தாளை மறுபடி ஒருமுறை படித்துப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனுஷன், வாயைத் திறக்க வேண்டிய ஒரு நாளில் திறக்காமல் விட்டார். 'புறப்படு' வாசிக்கும் வழக்கத்தையே எடுத்துவிடுவது என்று சபை முடிவு செய்த நாள் அது. இனிமேல் வருகிறவர்களுக்கு வாசிக்க வேண்டாம். சில வருஷம் குடியிருந்தாலே ஊர்க்காரர் ஆகிவிடலாம். நல்ல சட்டம். பெம்பர் அன்று கடைவாய்ப்பல் ஈறு வீங்கி, கன்னத்தில் துணி கட்டி, ரம்மில் நனைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'சரி, ஏற்கெனவே வாசித்து முடித்தவர்கள் கதி என்ன?' என்று மனதுக்குள் ஒரு கேள்வி எழும்பியது. பல் சுள்ளென்றது. கேள்வியைப் பஞ்சோடு சேர்த்துக் கடித்துக்கொண்டார். சட்டம் நிறைவேறியது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

பல வருஷம் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பிறகு ஒரு ஜனவரியில், பட்டிக்குத் தண்ணீர் சுமந்து போன ஹல்டா அத்தை பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள்.

முதலில் அக்கம்பக்கத்தார் முறைபோட்டுச் சோறு கொண்டுபோனார்கள். பிறகு மார்ச் கூட்டத்துக்கான அறிவிப்பை மண்டபக் கதவில் ஒட்டினபோது, அதில் ஒரு விஷயம் இருந்தது: ஹல்டா ரட்டை அவளுக்குச் சட்டப்படி உரிய ஊருக்கு அனுப்பலாமா? கொண்டுவந்தவர் கேப்டன் அசா ஹபெல். ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு அந்த வருஷம் அவர் கையில். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கணக்குப் பார்க்கிறவர், கணக்கைத் தவிர வேறொன்றும் பார்க்காதவர். ஹல்டாவுக்கு 'புறப்படு' வாசித்தாகிவிட்டது. நிலம் கிடையாது, வரி கட்டியதில்லை. ஆகவே அவள் நம் ஊர்க்காரி அல்ல. புருஷனின் அப்பன் பிறந்த ஊர் கனெக்டிகட்டில் எங்கோ இருக்கிறது. வண்டியில் ஏற்றி அங்கே அனுப்பிவிடலாம். அந்த ஊரை ஏமஸே பார்த்ததில்லை. ஹல்டாவுக்கு அதன் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட வராது.

அறிவிப்பைப் படித்துவிட்டுப் பெம்பர் நேராகக் குடிசைக்குப் போனார்.

"அத்தை, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. லொவைசா அறையை ஒழிச்சு வெச்சுட்டா. எங்க வீட்டுக்கு வந்துடுங்க. செலவு என்னுதுன்னு எழுதிக் கொடுத்துட்டா கேப்டன் வாயை மூடிக்குவார்."

ஹல்டா படுத்தபடியே அவரைப் பார்த்தாள். "உங்க வீட்டுல எதுக்கு?"

"வேற எங்கே போவீங்க?"

"எங்கேயும் போகலை. ஜேடாக், இந்த ஊர்ல செத்தவங்களில் பாதிப் பேரை நான் குளிப்பாட்டியிருக்கேன். உன் அம்மாவையும் நான்தான் குளிப்பாட்டினேன். கடைசியில நீ பாவம் பார்த்து இடம் கொடுத்த கிழவியா நான் சாகணுமா? ஊர் சொல்லட்டும், 'இவ எங்க ஆளு'ன்னு. சொல்லிட்டா எந்தத் தொழுவத்துல வேணாலும் போடுங்க. சொல்லலைன்னா வண்டியில ஏத்துங்க. நடுவுல உங்க தயவு எனக்கு வேண்டாம்."

"பிடிவாதம் பிடிக்கிறீங்களே."

"ஆமாம். இடுப்புதான் உடைஞ்சுது. போறப்போ பட்டியில இருக்கற அந்தச் செவலைக்குத் தண்ணி காட்டிட்டுப் போ. காலையிலேர்ந்து கத்துது."

சட்டசபை உறுப்பினர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். செவலை குடிக்கக் குடிக்க, வேலியில் சாய்ந்து நின்றார். அவருக்கு வழக்கம்போல ஒன்று அரித்தது. இந்தப் பட்டிக்கு இப்போது பொறுப்பு யார்?

ஊர்க்கூட்டத்தில் சின்னச் சின்னப் பதவிகளை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். தோல் சோதிப்பவர், வேலி பார்ப்பவர், பன்றிக்காவலர். 'பட்டி?' என்பார் தலைவர். கூட்டம் பசியில் இருக்கும். 'பழையபடி!' என்று ஒரே குரலாகக் கத்தும். வருஷா வருஷம் பழையபடி. பழையபடி என்றால் யார்? பெம்பர் வாளியைக் கீழே வைத்தார். ஊர்ப் பதவி ஒன்றை முழுசாக ஒரு வருஷம் வகித்தவர் அந்த ஊர்க்காரர்தான், 'புறப்படு' வாசித்திருந்தாலும் சரி. பழைய சட்டத்திலேயே அது இருக்கிறது. ஆனால் ஒரு பொம்பளை பதவி வகித்தாள் என்று சொன்னால் கேப்டன் ஹபெல் வாய்விட்டுச் சிரிப்பாரே. அவர் சிரிக்க முடியாதபடி எப்படிக் கேட்பது? அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, போட்ட சாப்பாடு என்னவென்று தெரியாமல் சாப்பிட்டார். லொவைசா வேண்டுமென்றே உப்பில்லாமல் போட்டிருந்தாள், அதையும் கவனிக்கவில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆண்கள் கீழே, பெண்கள் மேல்தட்டில். பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது, காது உண்டு. லொவைசா முன்வரிசையில் கைப்பிடியில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தாள். கூட்டத் தலைவர் டீக்கன் ஸ்டைல்ஸ், ஹல்டா விஷயம் வந்ததும் கேப்டனைப் பேசச் சொன்னார்.

கேப்டன் எழுந்தார். "ஜேடாக், நீ அப்போ கான்ஸ்டபிள். ஹல்டா ரட்டுக்குத் தாளை வாசிச்சியா, வாசிக்கலையா?"

வாசிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மேலே லொவைசா கைப்பிடியைத் தாண்டிக் குனிந்தாள்.

"வாசிச்சேன். நல்லாச் சத்தமா வாசிச்சேன்" என்றார் பெம்பர்.

"அவ்வளவுதான் கேட்டேன்."

"நான் ஒண்ணு கேக்கலாமா கேப்டன்? உங்களுக்கு யார் வாசிச்சது?"

"நீதான். மாட்டுக் கொட்டாயில வெச்சு வாசிச்சே. பால் கறந்துக்கிட்டு இருந்தேன்." கூட்டம் சிரித்தது. "நான் ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டறப்போ எனக்கு வாசிச்சான், கையெல்லாம் பசை" என்றான் ஒருவன். "என் பொண்டாட்டிக்கு அங்கே பிரசவ வலி, இங்கே இவன் கனைக்கிறான்" என்றான் இன்னொருவன். ஆளாளுக்குத் தன் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள்.

கேப்டன் கையைத் தூக்கினார். "சிரிச்சாச்சா? நாம எல்லாம் நிலம் வாங்கினோம், வரி கட்டினோம். அவ கட்டலை. வித்தியாசம் அதுதான். பாவமா இருக்கு, எனக்கும் பாவமாத்தான் இருக்கு. பாவம் பாலம் கட்டாது. பாலத்துக்கு வரிதான் வேணும்."

சிரிப்பு அடங்கிப்போனது. பலர் தலையை ஆட்டினார்கள். ஊர்ப் பாலத்தைப் போன வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

பெம்பர் கழுத்தைச் சொறிந்தார். "நியாயம். இன்னொண்ணு கேக்கறேன். லெமுவேல் கிரேனோட கிடா உங்க சோளத்துல இறங்கினது ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?"

"ஓட்டிட்டுப் போய் யார்கிட்ட விட்டீங்க?"

"பட்டியிலதான்."

"பட்டி பேசுமா? யார்கிட்ட விட்டீங்க?"

"ஹல்டாகிட்டே."

"லெமுவேல் வந்து கட்டையைப் பிடுங்கிட்டுக் கிடாவை ஓட்டிட்டுப் போயிட்டார். நீங்க கோர்ட்டுக்குப் போனீங்க. நானும் வேடிக்கை பார்க்க வந்திருந்தேன். அவரோட வக்கீல், 'பட்டிக்காரன் செத்துப்போயாச்சு, இது பட்டியே இல்லை, வெறும் வேலி'ன்னு சொன்னார். நீங்க பைபிள் மேல கையை வெச்சு என்ன சொன்னீங்க?"

கேப்டனின் முகம் மெதுவாகச் சிவந்தது.

பின்வரிசையிலிருந்து லெமுவேல் கிரேன் துள்ளி எழுந்தார். அந்தக் கேஸில் தோற்ற எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "நான் சொல்றேன்! 'ஊர் ஒவ்வொரு மார்ச்சும் ஹல்டா ரட்டைத்தான் பழையபடின்னு தேர்ந்தெடுக்குது, அவதான் சட்டப்படி பட்டிக்காரி'ன்னு சொன்னாரு. ஜட்ஜும் சரின்னுட்டாரு! ஏன்யா ஜேடாக், அவ பட்டிக்காரி இல்லேன்னா என் கேஸைத் திரும்ப எடுக்கலாம் இல்லே?"

"எடுக்கலாம்னுதான் தோணுது. பொய்ச் சத்தியம்னு வேற ஒண்ணு சேரும்" என்றார் பெம்பர். "பட்டிக்காரிதான்னா, முழுசா எத்தனையோ வருஷம் ஊர்ப் பதவி வகிச்சிருக்கா. பதவி வகிச்சவங்களைப் பத்திச் சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்டனுக்குத் தெரியும். எது சௌகரியம் கேப்டன்?"

மேல்தட்டில் ஒரு பெண்சிரிப்பு பீறிட்டது. லொவைசாதான். டீக்கன் ஸ்டைல்ஸ் மேசையைத் தட்டினார். தட்டிக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார். ஹல்டா எங்கள் ஊர்க்காரி என்று நினைப்பவர்கள் கிழக்குச் சுவர்ப் பக்கம், இல்லை என்பவர்கள் மேற்குப் பக்கம் போகட்டும் என்றார். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. கிழக்குப் பக்கம் நெரிசலாகிவிட்டது. கேப்டன் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "தள்ளி நில்லுங்கய்யா, இடம் விடுங்க" என்று முனகிக்கொண்டே அவரும் கிழக்கே போனார்.

பெம்பர் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தில் குதிரை நுரை தள்ளிவிட்டது. குடிசைக்குள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நுழைந்தார். நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினார். ஹல்டா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கிழக்குச் சுவர் வந்ததும் கண்ணைத் திறந்தாள். "சொல்லிட்டாங்களா?" என்றாள். "எல்லாரும் சொல்லிட்டாங்க அத்தை" என்றார் பெம்பர்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "பாருங்க, நான் வாசிச்சதால வந்த வினை. எல்லாருக்கும் வாசிக்கறதுதானே, வெறும் சடங்கு. இன்னைக்குக் கூட்டத்துல அதைச் சொல்லிச் சொல்லி ஒரே சிரிப்பு."

"சிரிச்சாங்களா?"

"விழுந்து விழுந்து."

ஹல்டா கூரையைப் பார்த்தாள்.

"நாங்க இருந்த பக்கம் இந்த வழக்கமே கிடையாது ஜேடாக். நீ சூப்புக் குடிச்சே, மீன் தூங்குமான்னு கேட்டே. நல்ல மனுஷனா இருக்கானே, இங்கேயே இருந்துடலாம்னு நினைச்சேன். அப்புறம் நீ எழுந்து நின்னு 'போ'ன்னே. நாங்க நிஜம்னு நம்பினோம். நீ சீட்டியடிச்சுக்கிட்டுப் போறது எங்களுக்குக் கேட்டுது. ஏமஸ் சொன்னார், 'பனி உருகறதுக்குள்ள நிலத்தைத் திருத்திக் காட்டிட்டா ஒருவேளை விட்டுடுவாங்க'ன்னு. காத்து அடிச்ச நாளும் விடாம வெட்டினார். அன்னைக்கும் நல்ல காத்து. போகாதேன்னு சொன்னேன். 'அவங்க வந்துடுவாங்க ஹல்டா'ன்னுட்டுப் போனார்."

பெம்பர் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"எனக்குத் தெரியாது அத்தை."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இத்தனை வருஷம் உன்கிட்டப் பேசினேன். ஆனா தெரியாதுன்னு சொல்லி என்னைத் தேத்தப் பார்க்காதே."

அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது லொவைசா வெற்றிக்காக ஆப்பிள் பை சுட்டு வைத்திருந்தாள். அவர் தொடவில்லை. என்ன என்று கேட்டதற்குச் சொல்லவும் இல்லை. மேப்பிள் மரத்துப் பாலை இறக்கிக் காய்ச்சுகிற வாரத்தில், கொப்பரை முன்னால் இரண்டு பேரும் நின்றபோதுதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நான் எல்லார் வீட்டுலயும் வாசிச்சேன் லொவைசா. யார் யார் சிரிக்கலைன்னு எனக்குத் தெரியலையே" என்றார்.

அவள் எதையும் கேலி செய்யவில்லை. "எனக்கென்ன தெரியும்? போய்க் கேளுங்க" என்றாள்.

பனி உருகி ரோடு சேறாகக் கிடந்த நாளில் அவர் புறப்பட்டார். முதல் வீடு கேப்டன் ஹபெலுடையது. கேப்டனும் அவர் மனைவியும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெம்பர் வாசலிலேயே நின்றார்.

"கேப்டன், அன்னைக்குக் கொட்டாயில நான் வாசிச்சப்போ நீங்க பயந்தீங்களா?"

"இதென்ன கேள்வி? சிரிச்சேனே, உனக்கே தெரியுமே" என்றார் கேப்டன்.

அவர் மனைவி பின்னிக்கொண்டிருந்த காலுறையை மடியில் வைத்தாள். "உங்க முன்னால சிரிச்சார்" என்றாள். "நீங்க போனப்புறம் பால் வாளியை எடுத்துட்டு உள்ள வந்தார். அத்தனை பாலும் தரையில கொட்டிப்போச்சு, துடைக்கக்கூட விடலை. குழந்தைகளுக்குச் செருப்பை மாட்டி வைன்னு சொன்னார்."

கேப்டன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் பெம்பருக்குப் போட்டார்.